எறங்கேறு

அந்த வளைவில் முதன்முதலில் சிமெண்டு போட்டு நிறுத்தியது ஒரு பலகையைத்தான். ரோட்டில் பாதி பள்ளத்துக்குள் போய்விட்டிருந்தது. மிச்சப் பாதிக்குக் கீழேயிருந்து மண் மூட்டை அடுக்கி முட்டுக் கொடுத்திருந்தார்கள். பலகைக்கு மட்டும் ஒழுங்காகக் குழி தோண்டி, ஜல்லி கொட்டி, சிமெண்டு கலந்து ஊற்றி, இரும்புக் காலை நட்டுவிட்டுப் போனார்கள். மஞ்சள் பெயிண்டின் மேல் கறுப்பு எழுத்து. ‘ஆபத்தான பகுதி. பயணிகள் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து செல்லவும்.’ எழுத்துப் பிழைகூட இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவள். எதைப் பார்த்தாலும் தப்புக் கண்டுபிடிக்கும் புத்தி எனக்கு உண்டு. ஒரு பிழையாவது இருந்திருந்தால் அதைச் சொல்லித் திட்டி ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டிருப்பேன்.

பயணிகள் இறங்க வேண்டும், சரி. டிரைவர் என்ன செய்ய வேண்டும் என்று பலகையில் போடவில்லை. அந்த மினி பஸ்ஸுக்கு டிரைவர் என் வீட்டுக்காரர்.

எங்கள் ஊர் தலைச்சோலைப் பக்கம். சேலத்தில் பிறந்து வளர்ந்த நான் கல்யாணமாகி இந்த மலைக்கு வந்தவள். காலையில் அவர் ஓட்டும் பஸ்ஸிலேயே மகளோடு ஏற்காட்டுக்குப் போவேன். மகள் படிப்பதும் நான் வேலை பார்ப்பதும் ஒரே பள்ளிக்கூடம். சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்புவோம். ரோட்டின் ஒரு பக்கம் மேடு, மேட்டில் காப்பித் தோட்டம். இன்னொரு பக்கம் பள்ளம். சில்வர் ஓக் மரங்களின் உச்சி நம் கால் மட்டத்தில் தெரியும், அடி தெரியாது. மழை வரும் வரைக்கும் அதை அழகு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த மழையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. புயல் எங்கேயோ கடலோரத்தில் கரை ஏறியது. மேகம் எங்கள் தலைமேல் வந்து உட்கார்ந்துகொண்டு நகரவே மாட்டேன் என்றது. ஓட்டு வீட்டுக்குள் குடை பிடித்துச் சமைத்தோம். மழை விட்டதும் ஊரே ரோட்டைப் பார்க்கப் போனது. பெரிய ஆரஞ்சுப் பழத்தில் யாரோ ஒரு வாய் கடித்த மாதிரி, வளைவின் வெளிப்பக்கம் மொத்தமாகப் போயிருந்தது. கீழே எட்டிப் பார்த்தேன். தார் அட்டை அட்டையாக மரங்களில் தொங்கியது. நடுவில் போடும் வெள்ளைக் கோடு ஒரு மரக்கிளையில் கிடந்தது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த ரோட்டின் அகலத்தைக் காலால் அளந்து கொண்டிருந்தார்.

“போயிரலாம். மேட்டுப் பக்கம் ஒட்டி ஏத்துனா வண்டி போயிரும்,” என்றார்.

அப்போது அதைக் கேட்டு எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான்.

மூட்டை அடுக்கி முடித்ததும் பஸ் ஓட ஆரம்பித்தது. வளைவுக்கு முன்னால் பஸ் நிற்கும். கண்டக்டர் விசில் அடிப்பார். எல்லோரும் இறங்கி, மேட்டை ஒட்டி வரிசையாக நடந்து, அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். கண்டக்டர் ரோட்டின் நடுவில் நின்று, பின்பக்கமாகவே நடந்தபடி, வண்டியைக் கையால் கூப்பிடுவார். “வரலாம், வரலாம், இன்னுங் கொஞ்சம் ரைட்டுல, வரலாம்.” என் வீட்டுக்காரர் ஒரு சின்ன ஹார்ன் அடித்துவிட்டு ஃபர்ஸ்ட் கியரில் வண்டியை நகர்த்துவார். மேட்டுப் பக்கத்துப் புல் ஜன்னலை உரசும். பள்ளத்துப் பக்கத்துச் சக்கரம் மூட்டைக்கு மேலே ஏறி இறங்கும். பஸ்ஸுக்குள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். காலி சீட்டுகள் மட்டும் ஆடிக்கொண்டு வரும்.

முதல் நாள் என் மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா ஏன் எறங்குல?”

“அப்பா டிரைவர் கண்ணு.”

“டிரைவர் எறங்கக் கூடாதா?”

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

வெயில் நாளில் பரவாயில்லை. கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கலாம். மூடுபனி இறங்கிய காலைகளில்தான் உயிர் போகும். நாங்கள் நடந்து வந்து இந்தப் பக்கம் நிற்போம். திரும்பிப் பார்த்தால் பஸ் இருக்காது, வெள்ளையாகத்தான் இருக்கும். ஹார்ன் கேட்கும். என்ஜின் முனகுவது கேட்கும். கண்டக்டரின் குரல் கேட்கும். அப்புறம் ஏதோ ஒரு கல் உருண்டு, பள்ளத்தில் எங்கெங்கோ மோதி, போய்க்கொண்டே இருக்கும். எந்த இடத்திலும் நின்ற சத்தம் கேட்காது. அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிடுவோம். மஞ்சளாக இரண்டு விளக்கு தெரிந்த பிறகுதான் யாராவது ஒருத்தர் இருமுவார், இன்னொருத்தர் பஸ் லேட் என்று குறை சொல்வார். நான் மகளின் கையைப் பிடித்திருந்த இடம் சிவந்து போயிருக்கும். அவள் வலிக்கிறது என்று சொன்னதே இல்லை.

கண்டக்டருக்கு வாய் சும்மா இருக்காது. எந்தப் பயத்தையும் கேலியாக்கிவிடுவார். மற்ற நிறுத்தங்களின் பேரைக் கூவுகிற மாதிரியே அந்த இடத்தையும் கூவ ஆரம்பித்தார். “எறங்கி ஏறு, எறங்கி ஏறு, எறங்கி ஏறெல்லாம் வாங்க!” கொஞ்ச நாளில் அது தேய்ந்து ‘எறங்கேறு’ ஆகிவிட்டது. முதலில் சிரித்தோம். பிறகு போனில், “எறங்கேறு வந்துட்டேன், அடுப்புல தண்ணி வையி” என்று பேச ஆரம்பித்தார்கள். எறங்கேறில் சாமான் இறக்கி வைக்கச் சொன்னார்கள். ஒரு அம்மா தன் தோட்டத்துக் கொய்யாவைக் கூடையில் கொண்டுவந்து பலகையின் நிழலில் உட்கார்ந்தார். மிளகாய்ப்பொடி, உப்பு எல்லாம் தயார். இறங்குகிற ஜனம் வாங்கித் தின்றுகொண்டே நடந்தது. நல்ல வியாபாரம்.

எனக்கு மட்டும் அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் திக்கென்றது. பேர் இல்லாதவரைக்கும் அது உடைந்த ரோடு. பேர் வைத்த பிறகு அது ஒரு இடம். உடைந்ததைச் சரி செய்யச் சொல்லிக் கேட்கலாம். ஒரு இடத்தை எப்படிச் சரி செய்யச் சொல்வது? கண்டக்டரிடம் இதைச் சொன்னேன்.

“அண்ணா, அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடாதீங்க. பேரு நெலச்சுப் போச்சுன்னா ரோடு வராதுங்க.”

“டீச்சரம்மா, நான் கூப்புடாட்டி மட்டும் ரோடு வந்துருமாக்கும்?” என்று சிரித்தார். அன்று சாயங்காலம் விசில் மட்டும் அடித்தார், பேர் சொல்லவில்லை. பின் சீட்டிலிருந்து யாரோ, “எறங்கேறு வந்துருச்சா?” என்று கேட்டார்கள். அதோடு நான் விட்டுவிட்டேன்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பெரிய ரோட்டிலும் அதே மழையில் மண் சரிந்தது. அதைச் சரி செய்துவிட்டார்கள். கல் சுவர் எழுப்பி, கம்பி வலை போட்டு, பிரதிபலிக்கும் பட்டையெல்லாம் ஒட்டி, பார்க்கவே அழகாக. கோடை விழாவுக்குக் கார்கள் வர வேண்டும், பூ பார்க்க வேண்டும், ஏரியில் படகு விட வேண்டும். வரட்டும். எனக்கு அவர்கள்மேல் பொறாமை ஒன்றுமில்லை என்று சொன்னால் அது பொய். எங்கள் ரோட்டில் வருகிறவர்கள் காப்பி பறிக்கப் போகிறவர்கள், லாட்ஜில் பாத்திரம் கழுவப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். நாங்கள் விழுந்தால் போட்டோ எடுக்க அங்கே யார் இருக்கப் போகிறார்கள்?

மனு கொடுக்காமல் இல்லை. ஊர்க்காரர்கள் சேர்ந்து ரோட்டு ஆபீசுக்குப் போனோம். பேச வேண்டியவள் நான் என்று முடிவாகியிருந்தது, டீச்சர் ஆயிற்றே. ஆபீசர் நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். எஸ்டிமேட் மேலே போயிருக்கிறது, ஃபண்டு வந்தால் டெண்டர், டெண்டர் முடிந்தால் வேலை என்று பொறுமையாகச் சொன்னார்.

“அது வரைக்குமுங்க?” என்றேன்.

“அது வரைக்கும் டெம்ப்ரரியா வேலை செஞ்சு கொடுத்திருக்கோமேம்மா. பஸ் ஓடுதுல்ல?”

“ஓடுதுங்க.”

“அப்புறம் என்ன?”

நாங்கள் கொண்டுபோயிருந்த போட்டோக்களை அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு போட்டோவில் பஸ் மூட்டைமேல் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு ஆபத்து என்று காட்டத்தான் அதை எடுத்தோம். அவர் அதில் விரலை வைத்து, “பாருங்க, எவ்வளவு அழகா போகுது,” என்றார். திரும்பி வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியை அந்தப் பக்கம் சேர்ப்பதுதான், ரோடு நன்றாக இருக்கிறது என்பதற்கு அவர்களிடம் இருந்த ஒரே சாட்சி. அவர் திறமையாக ஓட்ட ஓட்ட ரோடு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

அன்று வீட்டில் சண்டை போட்டேன்.

“நீங்க ஓட்டாதீங்க. நிறுத்துங்க. பஸ் நின்னாத்தான் அவங்களுக்குக் கண்ணு தெரியும்.”

“நின்னா யாருக்குச் செரமம்? ஆபீசருக்கா? நம்ம சனத்துக்குத்தான். மாசமா இருக்கிற புள்ளைங்க எத்தன பேரு இந்த வண்டியில ஆஸ்பத்திரிக்குப் போகுது. எல்லாத்தையும் நடக்கச் சொல்றியா?”

“உங்களுக்குப் பயமே இல்லீங்களா?”

“என்ன பயம்? ஒண்ணும் ஆவாது. நொம்ப ஓசன பண்ணாத.”

சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுக் கை கால் கழுவப் போனார். காக்கிச் சட்டையின் முதுகு தொப்பலாக நனைந்திருந்தது. ரொம்ப நாளாகவே அப்படித்தான். மார்கழிக் குளிரில் நாங்கள் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு வருவோம், அவர் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். என்னங்க இது என்று ஒரு முறை கேட்டேன். “என்ஜின் பொட்டி பக்கத்துலயே ஒக்காந்திருக்கமில்ல. என்ஜின் சூடு,” என்றார். அந்தப் பழைய பஸ்ஸில் என்ஜின் பெட்டி டிரைவர் சீட்டை ஒட்டித்தான் இருக்கிறது. அதன்மேல் குளிருக்கு நானே கை வைத்துச் சூடு காய்ந்ததுண்டு. அதனால் நம்பினேன்.

மகள் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருந்தாள். தீப்பெட்டிதான் பஸ். உள்ளே நிறையக் காப்பிக் கொட்டை. வாசல்படியின் விளிம்பு வந்ததும் வாயாலேயே விசில் அடிப்பாள். கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பக்கம் வரிசையாக வைப்பாள். ஒரே ஒரு கொட்டையை மட்டும் பெட்டியிலேயே விட்டுவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, பெட்டியை விளிம்பில் நகர்த்துவாள். முகம் அப்படியே வெளுத்துப் போகும். ஏழு வயதுப் பிள்ளை விளையாடும்போது இருக்க வேண்டிய முகம் அது இல்லை. “வேற விளையாட்டு விளையாடு சாமி” என்று பெட்டியைப் பிடுங்கினேன். மறுநாள் சோப்பு டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

மூட்டைகளில் புல் முளைத்தது. புல் பூத்தது. வெயிலில் சாக்கு நைந்து கிழிந்து, செம்மண் ஒழுகத் தொடங்கியது. அடுத்த மழைக்காலம் வந்தபோது அடுக்கின் நடுப்பகுதி வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. முன்னே அப்படி இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும், அதைப் பார்க்காமல் நான் ஒரு நாளும் கடந்ததில்லை. கண்டக்டரிடம் காட்டினேன். அவர் கேலி பேசவில்லை. அதிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது.

திரும்பவும் ஆபீசுக்குச் சொன்னோம். இந்த முறை ஆபீசரே நேரில் பார்க்க வந்தார். ஜீப் பழுது என்று எங்கள் பஸ்ஸிலேயே ஏறினார். என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில், முன் சீட்டில் உட்கார்ந்து, வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். மூட்டை நன்றாக இறுகிப் போயிருக்கும், இப்போது அது சுவர் மாதிரி, இன்னும் ரெண்டு மழை தாங்கும் என்றார். வளைவு வந்தது. கண்டக்டர் விசில் அடித்தார். எல்லோரும் எழுந்தோம். ஆபீசரும் எழுந்தார். கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, செருப்பில் சேறு படாமல் பார்த்து, எங்களோடு இறங்கினார்.

என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

“ஏனுங்க சார், நீங்க கட்டுன செவுருதானுங்களே? நீங்க எதுக்குங்க எறங்கறீங்க?”

கொய்யாக்கார அம்மா பக்கென்று சிரித்துவிட்டார். ஆபீசர் சிரிக்க முயன்றார். “போர்டுல போட்டிருக்கில்லம்மா. ரூல்ஸ்னா ரூல்ஸ்,” என்றார். சொல்லிவிட்டு எங்கள் எல்லோருக்கும் முன்னால் வேகமாக நடந்துபோய் அந்தப் பக்கம் சேர்ந்தார். பஸ் வந்து சேர்ந்ததும், “பார்த்தீங்களா, சூப்பரா வந்துருச்சு” என்றார். அன்றைக்கு எனக்குள் ஏறிய கோபம் இறங்கவே இல்லை. ஆனால் கோபத்துக்கு அடியில் பயம்தான் இருந்தது. அந்த மனிதர் படித்தவர், மண்ணைப் பற்றித் தெரிந்தவர். அவர் அவ்வளவு வேகமாக நடந்தாரே.

அதற்கடுத்த வாரம் இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலையில் மழை நின்று பனி இறங்கியிருந்தது. பஸ் வளைவுக்கு முன்னால் நின்றது. விசில் கேட்டது. மகள் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். நான் எழவில்லை.

இதை நான் முன்பே திட்டம் போட்டுச் செய்ததாக ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. கால் வரவில்லை, அவ்வளவுதான். எழுந்தால் இறங்க வேண்டும், இறங்கினால் நடக்க வேண்டும், நடந்துபோய் அந்தப் பக்கம் நின்று வெள்ளைக்குள் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு இன்னொரு முறை என்னால் முடியாது என்று உடம்பு சொல்லிவிட்டது. கண்டக்டர் கூட்டத்தோடு என் மகளையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். நான் பின்னால் வருவதாக நினைத்திருப்பார். பனியில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று தெரியாது.

என் வீட்டுக்காரர் ஹார்ன் அடித்தார். கியரைப் போட்டார். கண்ணாடியில் பார்த்தார்.

“என்ன புள்ள, எறங்குல?”

“இல்லீங்க.”

“வெளையாடாத. எறங்கு.”

“ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னீங்கள்ல? ஓட்டுங்க. நானும் வரேன்.”

“கொழந்தைய அங்க நிக்க வெச்சுட்டு நீ இங்க என்ன பண்ணற? அறிவிருக்குதா உனக்கு?”

“நீங்க தெனமும் அவள நிக்க வெச்சுட்டுத்தானுங்களே இங்க இருக்கறீங்க.”

அவர் திரும்பவில்லை. முன்னால் கண்டக்டர் நிழலாகத் தெரிந்தார். “வரலாம், வரலாம்” என்று கையை ஆட்டினார். வண்டி நகரவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவருடைய இடது கை கியர் கம்பியின்மேல் இருந்தது. அப்புறம் அவர் சாவியைத் திருகி என்ஜினை நிறுத்தினார். எல்லாச் சத்தமும் அடங்கியது.

நான் எழுந்துபோய் அவர் சீட்டுக்குப் பின்னால் நின்றேன். முதுகில் கை வைத்தேன். சட்டை அப்படியே உடம்போடு ஒட்டிக் கிடந்தது. காலையில் அப்போதுதான் எடுத்து வந்த வண்டி, என்ஜின் பெட்டி இன்னும் ஒழுங்காகச் சூடாகக்கூட இல்லை.

“என்ஜின் சூடெல்லாம் இல்ல புள்ள,” என்றார். “மொத நாள்லருந்தே இப்பிடித்தான். ஒவ்வொரு தடவையும். காத்தால பள்ளம் அந்தப் பக்கம். சாங்காலம் வரும்போது என் கைக்குக் கீழயே கெடக்குது. பாக்கக் கூடாதுன்னு நெனச்சாலும் கண்ணு போவுது. நீ உள்ள இருக்கறப்ப என்னால முடியாது. எறங்கு. இல்லாட்டி நான் எறங்கறேன்.”

“நீங்க எறங்குங்க,” என்றேன்.

அவர் இறங்கினார். மேட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்து, புல்லில் கால் வைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு. மழைக்குப் பிறகு அந்த வளைவை அவர் நடந்து கடந்தது அன்றைக்குத்தான். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தாங்கிப் பிடிப்பது மாதிரித்தான் இருந்தது, யார் யாரைத் தாங்கினோம் என்று தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து நாங்கள் இருவரும் வருவதைப் பார்த்த மகள் ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். “அப்பா எறங்கிட்டாரு” என்று எல்லோரிடமும் சொன்னாள்.

மற்றவர்களுக்கு அதில் சந்தோஷம் இருக்கவில்லை. வேலைக்கு நேரமாகிறது. “ஏனுங்க டிரைவரே, வண்டிய எடுங்க, பொண்டாட்டி சொன்னான்னு நிறுத்திப்போட்டா எப்பிடிங்க?” என்று ஒரு பெண் சத்தம் போட்டாள். மூட்டைச் சுவரைப் பார்க்கச் சொல்லி நான் கத்தினேன். தினம்தானே பார்க்கிறோம் என்றாள். பின்னால் ஒரு ஜீப், அதற்குப் பின்னால் காய்கறி வண்டி, அதற்குப் பின்னால் பைக்குகள் என்று வரிசை நீண்டது. பஸ் முதலாளி போனில் கத்துவது எனக்கே கேட்டது. மதியத்துக்குள் ஆபீசர் வந்துவிட்டார். அவ்வளவு சீக்கிரம் அவர் வந்து நான் பார்த்ததில்லை.

“நேத்து வரைக்கும் ஓட்டுனீங்களேப்பா? இன்னிக்கு என்ன புதுசா?”

“நேத்து வரைக்கும் பயமில்லைன்னு பொய் சொல்லிட்டு ஓட்டுனனுங்க சார்,” என்றார் என் வீட்டுக்காரர். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

பலன் இல்லாமல் இல்லை. இரண்டு நாளில் ஜேசிபி வந்தது. சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். சுவருக்கு அஸ்திவாரம் என்று மூட்டைகளுக்குக் கீழே கொஞ்சம் தோண்டினார்கள். அப்புறம் வேறெங்கோ அவசர வேலை என்று ஜேசிபி போய்விட்டது. தோண்டின குழியில் மழைத் தண்ணீர் நின்றது. பஸ் ஓடாத நாட்களில் ஊர் எங்களோடு சரியாகப் பேசவில்லை. மாதமாக இருந்த ஒரு பெண்ணை ஜீப்பில் சுற்று வழியாகக் கொண்டு போனார்கள். நல்லபடியாகப் பிறந்தது. இருந்தாலும் அந்தக் குடும்பம் எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழிக்கு மேலே புது மூட்டைகள் அடுக்கினார்கள். பளபளவென்று வெள்ளைச் சாக்கு.

என் வீட்டுக்காரர் அதற்கப்புறம் அந்த பஸ்ஸை எடுக்கவில்லை, இப்போது ஒரு எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுகிறார். எஸ்டேட்டுக்குள்ளேயேதான், சமதளத்தில். சாயங்காலம் கழற்றிக் கொடுக்கும் சட்டையில் மண்ணும் காப்பித் தோல் நாற்றமும் இருக்கிறது. முதுகு காய்ந்திருக்கிறது. முதல் நாள் அந்தச் சட்டையை வாளிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பஸ்ஸுக்கு முதலாளி வேறு டிரைவர் போட்டுவிட்டார். மலைக்குக் கீழேயிருந்து வந்தவர், சின்ன வயசு, கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கலாம். ஸ்டியரிங்குக்கு மேலே மனைவியின் போட்டோவை ஒட்டியிருக்கிறார். பஸ் திரும்பவும் ஓடுகிறது. ஆபீசில் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும் என்பதால் நான் போய்க் கேட்கவில்லை. கண்டக்டர் பழையபடி, “எறங்கேறு, எறங்கேறு” என்று கூவுகிறார். நான் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரையும் போல இறங்குகிறேன். இறங்காமல் உட்கார எனக்கு இப்போது தோன்றுவதில்லை. அந்தப் பக்கம் நின்று, பனிக்குள் என்ஜின் முனகுவதைக் கேட்டபடி, யாரோ ஒரு பெண்ணின் புருஷனுக்காகக் காத்திருக்கிறேன். மகள் என் கையை இறுக்கிப் பிடிக்கிறாள். ‘டிரைவர் எறங்கக் கூடாதா’ என்று அவள் இன்னும் என்னிடம் திரும்பக் கேட்கவில்லை.

நேற்று காலையில் பஸ் வளைவைத் தாண்டி வந்து நின்றதும் நாங்கள் ஏறினோம். டிரைவருக்குப் பின் சீட்டு காலியாக இருந்தது. வேண்டுமென்றேதான் அங்கே உட்கார்ந்தேன். வெளியே எலும்பு நடுங்கும் குளிர். அவருடைய காக்கிச் சட்டை தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை கறுத்து நனைந்து, முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

“ஏனுங்க தம்பி,” என்றேன். “இந்தக் குளிர்ல இப்பிடி வேர்க்குதுங்களே?”

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அது ஒண்ணுமில்லீங்க டீச்சர். என்ஜின் சூடு.”